குறும்படத்துக்கு ஒரு நன்னடத்தை அதிகாரி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூட்டவில்லை, குறைக்கவில்லை. எந்தப் புனித நூலை வேண்டுமானாலும் கொண்டு வாருங்கள், வலது கையை அதன்மேல் வைத்துச் சொல்கிறேன். எழுபத்து நான்கு வயதில், ஸ்கெல்பரோ ஊரில் நாற்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்ந்தவன் பொய் சொல்லி எதைச் சாதிக்கப் போகிறான்?

நீதிபதி எனக்கு நூற்றிருபது மணி நேரம் சம்பளமில்லாத வேலை விதித்திருந்தார். ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். முடித்தேன் என்பதற்கு என் நன்னடத்தை அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அது மார்ச் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கணினியில் ஏறாவிட்டால் எட்டு வாரம் சிறை. இதைச் சொல்லும்போது அந்த மனிதர் கோபப்படக்கூட இல்லை. பேருந்து நேரத்தைப் படிப்பதுபோல் படித்தார்.

எட்டு வாரம் எனக்குப் பெரிதில்லை. சிறைச் சாப்பாடு என் சமையலைவிட மோசமாக இருக்க வழியில்லை. சிக்கல் ஆக்னஸ். என் மனைவி முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டிருக்கிறாள். தினமும் பன்னிரண்டு மணிக்குப் போய், "நான்தான் க்ளிஃப்" என்று சொல்லி, சூப் ஊட்டிவிட்டு வருவேன். சில நாள் "தெரியும்" என்பாள். சில நாள் "அடுத்த பஸ் எப்போ?" என்பாள். எட்டு வாரம் போகாமல் இருந்துவிட்டால், அதற்கப்புறம் நான் சூப் கொண்டுவரும் யாரோ ஒருவன். அவ்வளவுதான்.

என் அதிகாரியின் பெயர் லொரெய்ன் பிக்கர்ஸ்கில். மூடிப்போன ஒரு கம்பளக் கடையின் மாடியில் அலுவலகம். ஒரு அதிகாரி முப்பத்தைந்து பேரைக் கண்காணிக்கலாம் என்று சுவரில் ஓர் அறிவிப்பு இருந்தது. அதன்மேல் பாதியை மறைத்தபடி, இங்கே அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று இன்னோர் அறிவிப்பு இருந்தது. லொரெய்னிடம் எண்பத்து மூன்று பேர் இருந்தோம். அவர் மேசையில் எப்போதும் மூன்று தேநீர்க் கோப்பைகள் இருக்கும். மூன்றும் ஆறிப்போனவை, மூன்றும் வெவ்வேறு நாளைச் சேர்ந்தவை.

எனக்கு இன்னும் நாற்பது மணி நேரம் பாக்கி இருந்தபோது படம் வந்தது.

அன்று நாங்கள் மூன்று பேர், முதுகில் எங்கள் நிலைமையை எழுதிய ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு, அலுவலக நடைபாதைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தோம். நான், மிக், ஷெரில். மிக் ஐம்பது வயதுக்காரன். தேவாலயக் கூரைகளில் ஏறி ஈயத் தகட்டை உரித்து விற்றவன். ஷெரில் இரண்டு பேரப்பிள்ளைகள் எடுத்தவர். மொட்டை மாடி அறையில் விளக்குப் போட்டுக் கஞ்சா வளர்த்தவர். கதவு திறந்திருந்ததால் உள்ளே நடந்த கூட்டம் எங்களுக்கும் கேட்டது.

மண்டலத் தலைமையகத்திலிருந்து ரூபர்ட் தோர்ன்டைக் என்பவர் வந்திருந்தார். 'பணியாளர் நலமும் கதைசொல்லலும்' என்று அவருக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. அவர்தான் அதன் தலைவர். அதில் வேறு யாரும் இல்லை.

"நீங்க எவ்வளவு களைச்சுப் போயிருக்கீங்கன்னு எங்களுக்கு நல்லாத் தெரியும்," என்று தொடங்கினார் தோர்ன்டைக். "அதைக் குறைக்க என்ன செய்யலாம்னு பார்க்க ஒரு குழு போட்டோம். அந்தக் குழுவுல உங்களையே போட்டோம். வேலை இருக்குன்னு நீங்க யாருமே கூட்டத்துக்கு வரல. பரவால்ல, நான் குறை சொல்லல. ஆனா ஒண்ணு புரிஞ்சுது. களைப்பு ஒரு பிரச்சினை இல்ல, அது ஒரு கதை. நாம அதை அழகா சொல்லாததுதான் பிரச்சினை. அதனால, உங்க வேலைப்பளுவப் பத்தி நீங்களே ஒரு குறும்படம் எடுக்கப் போறீங்க!"

யாரும் கைதட்டவில்லை. ஒருவர் இருமினார். அதையே அவர் வரவேற்பாக எடுத்துக்கொண்டார்.

"சார்," என்றார் லொரெய்ன், "படத்துக்குப் பதிலா இன்னொரு ஆளப் போட்டா என்ன?"

"ஆள் போட்டா செலவு லொரெய்ன். படத்துக்கு செலவே இல்ல. அதுதான் சினிமாவோட அழகு. மேலிடக் குழு இந்தப் படத்தைப் பார்த்து மனசு இளகிட்டா, ஆள் தானா வரும்."

"எடுக்கறது யாரு?"

"டைரக்‌ஷன் நான். நடிப்பு நீங்க. மத்த வேலைக்கு..." என்று சுற்றிப் பார்த்தவரின் கண், கதவுக்கு வெளியே தூரிகையோடு நின்ற எங்கள்மேல் விழுந்தது. "அவங்களுக்கு சம்பளம் கிடையாதுல்ல?"

இப்படித்தான் நாங்கள் சினிமாவுக்கு வந்தோம்.

வேலை பிரித்தது லொரெய்ன். எங்கள் கோப்புகளைப் புரட்டிப் பார்த்து, அவரவர் தகுதிக்கு ஏற்பப் பிரித்தார். நீண்ட கம்பின் நுனியில் ஒலிவாங்கியைக் கட்டி, உயரத்தில் சத்தமில்லாமல் மணிக்கணக்கில் பிடிக்க வேண்டும், அது மிக்குக்கு. ஒளியமைப்பு ஷெரிலுக்கு. கேமரா மிக்கின் போன்; அவனிடம் நான்கு இருந்தன, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஷெரில் அதை ஒரு நாற்காலி முதுகில் கயிறு போட்டுக் கட்டினார். எனக்கு என்று எதுவும் மிஞ்சாததால், அதிகாரியைப் பார்க்க வரும் குற்றவாளியாக நடிக்கச் சொன்னார்கள். பத்து மாதமாக ஒத்திகை பார்த்த வேடம்.

படம் எடுக்க ஓர் அறை வேண்டுமல்லவா? கணினி, வழக்கு எண் இருப்பவர்களுக்குத்தான் அறை ஒதுக்கும். அதனால் லொரெய்ன் குறும்படத்துக்கு ஒரு வழக்கு எண் வாங்கினார். எண் வாங்கினால் பதினோரு பக்கக் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். அதை நிரப்பியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"குடிப்பழக்கம் உண்டா?" என்று திரையைப் பார்த்துப் படித்தார் லொரெய்ன்.

"இல்லைன்னு போடுங்க அம்மணி."

"நிரந்தர முகவரி?"

"இல்ல."

"வேலை?"

"இல்ல."

"பெத்தவங்களோட உறவு?"

"தோர்ன்டைக்தான் அப்பான்னா, கொஞ்சம் கஷ்டம்தான்."

"செஞ்ச தப்புக்கு வருந்துதா?"

"இன்னும் எடுக்கவே இல்லியே. எடுத்தப்புறம் வருந்தும்."

லொரெய்ன் எல்லாவற்றையும் போட்டு முடித்ததும், கணினி அரை நிமிடம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னது: பொதுமக்களுக்கு மிகுந்த அபாயம், வாரம் இருமுறை நேரில் வரவழைத்துக் கண்காணிக்கவும். இப்படியாக, நன்னடத்தை அதிகாரிகளின் வேலைப்பளுவைப் பற்றிய குறும்படம் லொரெய்னின் எண்பத்து நான்காவது ஆளாயிற்று.

கணினி சொன்னால் செய்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் மிக்கின் போனை எதிர் நாற்காலியில் வைத்துவிட்டு, லொரெய்ன் அதனிடம் இருபது நிமிடம் விசாரிப்பார். இந்த வாரம் எப்படிப் போச்சு, கெட்ட சகவாசம் ஏதாவது உண்டா என்று கேட்டுப் பதிவுசெய்வார். போன் மற்றவர்களைவிட ஒழுங்கு. குறுக்கே பேசாது, அழாது. ஆனால் இரண்டாவது முறை வர வேண்டிய வியாழக்கிழமைகளில் படப்பிடிப்பு. படம் எடுக்கப் போன நேரத்தில் படம் கண்காணிப்புக்கு வரவில்லை. இரண்டு முறை தவறியதும் கணினி தானாகவே ஒரு கடிதம் அடித்தது. 'அன்புள்ள குறும்படம் அவர்களே, நீங்கள் முன்னறிவிப்பின்றி வராதது வருத்தமளிக்கிறது. மூன்றாம் முறை தவறினால் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுவீர்கள்.' நிரந்தர முகவரி இல்லாததால் கடிதம் லொரெய்னுக்கே வந்தது. அவர் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அதற்குப் பதில் எழுதினார்.

இதற்குள் என் நூற்றிருபது மணி நேரமும் முடிந்துவிட்டது. கையெழுத்துதான் இல்லை.

"மெயில் போட்டீங்களா பெரியவரே?" என்றார் லொரெய்ன், நடந்துகொண்டே.

"நாலு போட்டேன்."

"என் பெட்டியில ரெண்டாயிரத்து நூறு இருக்கு. இப்பத்தான் போன நவம்பர்ல இருக்கேன்."

"ஒரு கையெழுத்துதானே அம்மணி."

"கணினியில அந்தப் பக்கம் திறக்கணுமே. என் பாக்கி வேலையெல்லாம் முடிச்சாத்தான் கையெழுத்துப் பெட்டியே திறக்கும். எண்பத்து நாலு பேரோட பாக்கி."

"முன்னெல்லாம் தாள் இருக்குமே? அதுல போட்டு ஓரத்துல இருக்கற அந்த மெஷின் தட்டுல வெச்சா, அஞ்சு மணிக்கு அதுவே இழுத்துக் கணினியில ஏத்திடுமே?"

"மெஷின் இன்னும் இருக்கு. அணைக்க யாருக்கும் நேரமில்ல. தாள்தான் இல்ல. தாள் வேணும்னா தலைமையகத்துல எழுத்து மூலமா அனுமதி தரணும். கேட்டேன். பரிசீலனைல இருக்காம்."

அவர் கண்ணைப் பார்த்தேன். அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அன்று ஆக்னஸ் என்னிடம் அடுத்த பஸ் எப்போது என்று இரண்டு முறை கேட்டாள்.

தோர்ன்டைக்குக்கு லொரெய்னின் நடிப்பு பிடிக்கவில்லை.

"கட்! லொரெய்ன், களைச்ச மாதிரி நடிங்க."

"நான் நடிக்கவே இல்ல சார்."

"அதுதான் சிக்கல். நிஜக் களைப்பு திரையில சோம்பேறித்தனமாத் தெரியுது. பார்க்கறவங்களுக்குப் பிடிக்கிற களைப்பா வேணும். களைப்பு, ஆனா உள்ளுக்குள்ள ஒரு துள்ளல்."

"துள்ளல் இல்ல சார்."

"யோகா வகுப்புக்கு இணைப்பு அனுப்பினேனே?"

"அது சாயங்காலம் நாலு மணிக்கு. அப்ப இங்க உங்க படப்பிடிப்பு."

"பார்த்தீங்களா, நேரத்தை நிர்வாகம் பண்றதுல உங்களுக்கு ஒரு சின்னப் பிரச்சினை இருக்கு," என்றார் தோர்ன்டைக் பரிவாக. அதையும் குறித்துக்கொண்டார்.

மிக் மேலே கம்பைப் பிடித்தபடி என்னிடம் முணுமுணுத்தான். "பெருசு, நான் திருடன்தான். ஆனா இந்தாளு மாதிரி முகத்துக்கு நேரா நின்னு எடுத்ததில்ல."

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. படத்திலும் அன்று கடைசிக் காட்சி. குற்றவாளி தன் தண்டனையை முடிக்கிறான். அதிகாரி முடிவுச் சான்றில் கையெழுத்திட்டுத் தட்டில் வைக்கிறார். இருவர் முகத்திலும் நம்பிக்கை. திரைக்கதையில் 'நம்பிக்கை' என்ற சொல் அடிக்கோடிட்டிருந்தது. எனக்கு நம்பிக்கை சுத்தமாக இல்லை. மணி மூன்று. இன்னும் இரண்டு மணி நேரத்தில் நான் சட்டத்தை மீறியவன்.

அப்போது தோர்ன்டைக் பையைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். பழைய படிவம். மஞ்சள் தாள், கீழே கோடு, மேலே முத்திரை.

"கணினித் திரை படத்துல நல்லா வராது," என்றார். "தாள்ல ஒரு மனுஷத்தன்மை இருக்கு. நிஜப் படிவம்தான் கொண்டு வந்திருக்கேன். அரசாங்கப் படிவத்த போலியா அடிச்சா அது குற்றமாச்சே! அனுமதிக் கடிதமும் இருக்கு, நானே கையெழுத்துப் போட்டுட்டேன்."

லொரெய்ன் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூலையில், தூசி போர்த்தி, பச்சை விளக்கு எரிய நின்ற இயந்திரத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

"பேரு, மணிக் கணக்கு எல்லாம் என்ன எழுதணும் சார்?"

"நிஜத்துல என்னவோ அதையே எழுதுங்க. உண்மை முக்கியம்."

க்ளிஃபர்ட் ஆம்ப்ளர், நூற்றிருபது மணி நேரம் என்று எழுதினார்.

முதல் முறை, கையெழுத்திடப் பேனா கீழ்க்கோட்டைத் தொடும்போது மேசைத் தொலைபேசி அடித்தது. லொரெய்ன் எடுக்காமல் இருக்க முடியாது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒருவன் மறுமுனையில். இருபத்தைந்து நிமிடம். இரண்டாம் முறை, வாராந்தரத் தீயணைப்பு மணிச் சோதனை. எல்லோரும் மழையில் கீழே போய் வரிசையில் நின்று, தலை எண்ணி, மேலே வந்தோம். மூன்றாம் முறை, கையெழுத்து மிக வேகமாக இருக்கிறது, ஒரு கனம் வேண்டும் என்று பாதியில் நிறுத்தினார் தோர்ன்டைக். அந்தத் தாளைக் கிழித்தும் போட்டார்.

மணி நான்கு இருபது. என் முதுகில் ஆரஞ்சுச் சட்டை ஈரமாக ஒட்டியிருந்தது.

நான்காம் முறை லொரெய்ன் கையெழுத்திட்டார். கனமாகத்தான் இட்டார். எழுந்து போய், தாளை இயந்திரத்தின் தட்டில் வைத்தார். திரும்பி வந்து என் தோளைத் தொட்டு, "ஜெயில் இல்ல பெரியவரே. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குப் போய் உங்க வீட்டுக்காரியப் பாருங்க," என்றார்.

மிக்கின் கம்பு இறங்கிவிட்டது. ஷெரில் மூக்கை உறிஞ்சினார்.

"கட்!" என்றார் தோர்ன்டைக். "அது வசனத்துல இல்லியே லொரெய்ன். வீட்டுக்காரின்னா தனிப்பட்ட தகவல், காட்டக் கூடாது. இன்னொரு தரம்."

இன்னொரு தரம் எடுத்தோம். பிறகு, நம்பிக்கை போதவில்லை என்று இன்னொரு தரம். நம்பிக்கை அதிகம், அப்பாவித்தனமாகத் தெரிகிறது என்று இன்னொன்று. ஒவ்வொரு முறையும் புதிய தாள், ஒவ்வொன்றிலும் என் பெயர், ஒவ்வொன்றும் தட்டில். யாரும் எதையும் எடுக்கவில்லை. எடுத்தால் காட்சித் தொடர்ச்சி கெட்டுவிடும் என்றார் தோர்ன்டைக். பத்தாவது தாளைத் தட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த லொரெய்ன், முகவாயைக் கையில் தாங்கி, கண்ணை மூடி, உதட்டோரம் லேசாக விரிய, அப்படியே தூங்கிப்போனார்.

"இதுதான்!" என்று கத்தினார் தோர்ன்டைக். "இந்த அமைதி! இந்த நிறைவு! இதைத்தான் நான் மூணு வாரமாக் கேட்டேன்!"

அந்தக் கத்தலுக்கும் லொரெய்ன் எழவில்லை. ஷெரில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். ஐந்து மணிக்கு இயந்திரம் உறுமி, பத்துத் தாள்களையும் ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கியது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு, "நான்தான் க்ளிஃப்" என்றேன்.

"தெரியும்," என்றாள் ஆக்னஸ். "சூப் ஆறிப்போச்சு."

மேலிடக் குழு ஏப்ரலில் படம் பார்த்தது. மொத்தம் நான்கு நிமிடம். படம் முடிந்ததும் தலைவர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதாகத் தோர்ன்டைக் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார்: "இந்தப் பெண்மணி முகத்தில் எத்தனை நிம்மதி! நாம் கவலைப்பட்டது வீண். மேலும், பதிவேட்டைப் பார்த்தால், படப்பிடிப்பு நடந்த அந்த நாளில் மட்டும் இவர் நாற்பது நிமிடத்தில் பத்து வழக்குகளை முடித்திருக்கிறார். ஆகவே படம் எடுப்பது உற்பத்தித் திறனை உயர்த்துகிறது என்பது தெளிவு. இனி ஒவ்வோர் அதிகாரியும் மாதம் ஒரு படம் எடுக்க வேண்டும். இந்த அம்மையாருக்கு இன்னும் இருபத்தைந்து பேரை ஒதுக்கலாம்."

லொரெய்ன் அதைக் கேட்டுச் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் போய் நான்காவது தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். குறும்படத்தின் கோப்பு மட்டும் நல்லபடி மூடப்பட்டது. மறுபடி எந்தக் குற்றமும் செய்யவில்லை என்பதால், அந்த ஆண்டு மண்டலத்தின் வெற்றி விகிதம் சற்று ஏறியது.

மிச்சம் நான்தான். கணினிக் கணக்குப்படி நான் ஆயிரத்து இருநூறு மணி நேரம் உழைத்திருந்தேன். விதித்தது நூற்றிருபது. இப்படி ஒரு நிலைமை இதுவரை வந்ததே இல்லையாம். மூன்று கூட்டம் போட்டார்கள். தவறு என்று அழித்துவிடலாமே என்று லொரெய்ன் சொன்னாராம். அழித்தால் அவருடைய உற்பத்தித் திறன் விழும், அது விழுந்தால் படம் விழும், படம் விழுந்தால் தோர்ன்டைக் விழுவார். ஆகவே அழிக்கவில்லை.

"மக்கள் பணத்துல மேற்பார்வை பண்ணின தண்டனை," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார் தோர்ன்டைக். "அதை வீணாக்க இந்தத் துறை அனுமதிக்காது. உங்க கணக்குல ஆயிரத்து எண்பது மணி வரவு. வருங்காலத்துல எப்பவாவது தேவைப்பட்டா கழிச்சுக்கலாம்."

"எதுல கழிக்கிறது சார்?"

"குற்றத்துலதான். வேற எதுல?"

வாசலில் மிக் என்னைப் பிடித்துக்கொண்டான். "பெருசு, ஒரு இருநூறு மணி எனக்குத் தள்ளேன். மெதடிஸ்ட் சபைக் கூரை ஒண்ணு இருக்கு, பார்த்தா கண்ணு கூசும்."

அது யார் மூலமாகவோ தலைமையகத்தின் காதுக்குப் போயிருக்க வேண்டும். அடுத்த வாரமே கடிதம் வந்தது. வரவு மணிகள் பிறருக்கு மாற்றத்தக்கவை அல்ல. நான் முதலில் தண்டிக்கப்பட்ட அதே குற்றத்தை மறுபடி செய்தால் மட்டுமே கழித்துக்கொள்ளலாம். ஒரு முறைக்கு நூற்றிருபது வீதம் ஒன்பது முறை. குழப்பம் வரக் கூடாது என்று அந்தக் குற்றத்தையும் கீழே தட்டச்சு செய்திருந்தார்கள்: நீதிமன்றத்தில் புனித நூலின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை பொய் சொன்னது.